23 நிமிடத் தூரத்தில் இருந்த அப்பா

310 கிலோமீட்டர், 23 நிமிடம். நான் வேலை பார்க்கும் ஊரின் சிறிய விமான நிலையத்துக்கும், அப்பா அம்மா இருக்கும் ஊருக்குப் பக்கத்திலுள்ள அதைவிடச் சிறிய விமான நிலையத்துக்கும் இடையிலான தூரமும் பறக்கும் நேரமும் இவைதான் என்று ஓர் இணையதளம் சொன்னது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று அம்மா போன் செய்தாள். வைத்தவுடனே கை நடுங்கிக்கொண்டே நான் தேடியது அதைத்தான். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். டிக்கெட் எடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம். கெட்ட செய்தி வந்தால் மனசு முதலில் தூரத்தைத்தான் அளந்து பார்க்கிறது.

மறுபடி கூப்பிட்டு, அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், குரல் குழறியது. "காலை விமானத்துல வந்துடறேன்ப்பா. 7.20க்குப் புறப்படுது. பறக்கிறது இருபத்து மூணு நிமிஷம்தான்" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது அது. எனக்கும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போக முடிந்தது. "இருபத்து மூணா?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார். "ஆமாப்பா" என்றேன். அறுவை சிகிச்சை காலை 9.30 மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நேரம் தாராளமாக இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி 11.20. அப்பாவை உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அம்மா அன்றைக்கு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், அப்பா அசந்து தூங்கும்போது மெதுவாகச் சொன்னாள். "ஸ்ட்ரெச்சர்ல ஏத்த வந்தப்போ, கொஞ்சம் பொறுங்க, எம் பொண்ணு வந்துடுவா, இருபத்து மூணு நிமிஷம்தான்னு சொல்லிட்டே இருந்தார்டி. அந்த நர்ஸும் பாவம், இருபது நிமிஷம் நிறுத்தி வச்சாங்க." அம்மா குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அன்றையிலிருந்து அந்த 23 என்னை விடவில்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது

அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்த ராத்திரிகளில் வேறு வேலை இல்லை. அதே இரண்டு விமான நிலையங்களின் பெயரை வேறு வேறு தளங்களில் போட்டுப் பார்த்தேன். தூரம் எல்லாவற்றிலும் 310 கிலோமீட்டர்தான், அரைக் கிலோமீட்டர் முன்னே பின்னே. நேரம் மட்டும் தாறுமாறாக இருந்தது. ஒன்று 23 நிமிடம் என்றது, இன்னொன்று 53 நிமிடம் என்றது. என் டிக்கெட்டிலோ 1 மணி 15 நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. கொஞ்சம் வகுத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முதல் தளம் 310ஐ மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்திருக்கிறது. இரண்டாவது தளம் அதையே செய்து, ஏறவும் இறங்கவும் என்று ஒரு 30 நிமிடத்தைச் சேர்த்திருக்கிறது. எந்த விமானத்தையும் யாரும் பார்க்கவில்லை. எந்தக் கால அட்டவணையையும் யாரும் திறக்கவில்லை. விமானமே போகாத இரண்டு நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் அதே உறுதியோடு ஒரு நேரம் வருகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. அங்கே யாரோ ஒருவர் அந்த எண்ணை நம்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

தூரத்தின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அது உண்மையிலேயே நல்ல கணக்கு. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு, பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி. அந்தப் புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெளியிடப்பட்டவை. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உருண்டையின் மேல் மிகக் குறுகிய வளைவைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கப்பல்காரர்கள் காலத்திலிருந்தே அதற்கு வழி இருக்கிறது. ஹேவர்சைன் என்ற சொல்லை ஜேம்ஸ் இன்மன் 1835இல் கொண்டுவந்தார், இன்றைக்கும் பல தளங்களுக்குப் பின்னால் ஓடுவது அந்தச் சூத்திரம்தான். பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. நிஜத்தில் பூமி நடுவில் கொஞ்சம் பருத்தது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6378, துருவத்தில் 6357. அந்த வித்தியாசத்தையும் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு 1975இல் வின்சென்டி தந்த முறை இருக்கிறது. 310 கிலோமீட்டருக்கு இரண்டு முறைகளுக்கும் நடுவே அதிகம் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் வித்தியாசம் வரலாம். அதாவது தூரத்தை அவர்கள் ஏறக்குறைய அப்பழுக்கில்லாமல் சொல்கிறார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சரியான தூரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் நேரமும் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இதைப் படிக்கும்போது ஒரு சின்ன விஷயம் பிடித்திருந்தது. விமானிகள் தூரத்தைக் கடல் மைலில் சொல்கிறார்கள். ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர், 1929இல் பன்னாட்டளவில் நிர்ணயித்தது. அதன் வேர் பூமியின் வளைவில் இருக்கிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கை தீர்க்கரேகை வழியே, அதாவது வடக்கு தெற்காக, கடந்தால் ஒரு கடல் மைல். பல மொழிகளில் அந்த அறுபதில் ஒரு பங்குக்கும் கடிகார நிமிடத்துக்கும் ஒரே பெயர். நம்மிடம் தனித்தனியாக இருக்கிறது: கோணத்துக்குப் பாகை, கலை, விகலை, கடிகாரத்துக்கு மணி, நிமிடம், நொடி. 310 கிலோமீட்டர் என்பது சுமார் 167 கலை. அன்றைக்கு நான் அப்பாவிடம் கலையைச் சொல்லவேண்டிய இடத்தில் நிமிடத்தைச் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. தூரத்தை எடுத்து அதற்கு நேரத்தின் சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி.

விமானம் உண்மையில் என்ன செய்கிறது

சிறிய நிலையங்களுக்கு நடுவே பெரும்பாலும் பறப்பது ஏடிஆர் 72 மாதிரியான விசிறி வைத்த விமானங்கள். நான் போனதும் அதில்தான். எழுபது பேருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ உட்காரலாம், குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும், எரிபொருள் குறைவாகக் குடிக்கும். இது இல்லாவிட்டால் அப்பாவின் ஊர்ப்பக்கம் விமானமே வந்திருக்காது. அதனால் இந்த விமானத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் அதிகபட்சப் பயண வேகமே மணிக்கு சுமார் 510 கிலோமீட்டர். 800 என்ற எண் அதன் வாழ்நாளில் ஒரு தடவைகூட வராது. சரி, 510ஆல் வகுத்தால்? 36 நிமிடம் வருகிறது. அதுவும் சரியில்லை. காரணம், அந்த வேகம் மேலே போய் நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகுதான். தரையிலிருந்து 17,000 அடிக்கு ஏறக் கால்மணி நேரம் போகிறது, அதுவும் வேகம் குறைந்த நிலையில். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 3 கடல் மைல். 17,000 அடியிலிருந்து இறங்க வேண்டுமென்றால் 51 கடல் மைல், ஏறத்தாழ 94 கிலோமீட்டருக்கு முன்பே இறக்கத்தைத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதிலும் இறங்குவதிலுமே பாதிக்கு மேல் தூரம் கழிந்துவிடுகிறது. நடுவில் நிமிர்ந்து பறப்பது சொற்ப நேரம்தான். ஜெட் விமானமாக இருந்தாலும் இந்தத் தூரத்தில் பெரிதாக மாறாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு பொதுவாக எங்கும் உண்டு, அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். குறுகிய தூரத்தில் வேகமான விமானத்துக்கு அந்த வேகத்தைக் காட்ட இடமே கிடைக்காது.

இன்னும் இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். போக வேண்டிய ஊர் மேற்கே இருந்து, காற்று கிழக்கிலிருந்து வீசினால், முதலில் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே ஏறி, பிறகு வட்டமடித்துத் திரும்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்திலும் ஓடுபாதையைத் தாண்டிப் போய்த் திரும்பி வர நேரலாம். வழியில் ராணுவத்துக்கு ஒதுக்கிய வான்வெளி இருந்தால் சுற்றிப் போக வேண்டும். நான் வந்த விமானம் அன்றைக்குப் போன தடத்தைப் பின்னால் ஒரு தளத்தில் பார்த்தேன். விமானங்கள் தம் இடத்தை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே போவதால் அந்தத் தடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 310 கிலோமீட்டர் நேர்கோட்டுக்குப் பதிலாக, இரண்டு முனையிலும் கொக்கி போட்டு வளைந்த கம்பி போல இருந்தது அது. சக்கரம் தரையை விட்டது 9.12க்கு, தரையைத் தொட்டது 10.03க்கு. 51 நிமிடம்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நானும் வெகுநாள் தப்பாகவே நினைத்திருந்தேன். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. மணிக்கு 500 கிலோமீட்டரில் 310 கிலோமீட்டர் போய்வரக் காற்றில்லாத நாளில் 74 நிமிடம் சொச்சம். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இருந்தால், ஒரு பக்கம் 600இல் 31 நிமிடம், மறுபக்கம் 400இல் 46.5 நிமிடம், மொத்தம் 77.5. பின்காற்று இருக்கும்போது பயணம் சீக்கிரம் முடிவதால் அது உதவும் நேரமும் குறைகிறது; எதிர்க்காற்று அதிக நேரம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. காற்று அடித்தாலே போய்வரும் பயணம் நீளத்தான் செய்யும்.

இந்தக் கணக்குத் தளங்களைச் சோதித்துப் பார்க்க ஓர் அழகான இடம் உலகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு சின்னத் தீவுகள். இரண்டுக்கும் நடுவே 1967இலிருந்து லோகன்ஏர் நிறுவனம் விமானம் விடுகிறது. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர், அட்டவணைப்படி 2 நிமிடம். உலகத்திலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம் அது. காற்று வாட்டமாக இருந்த ஒரு நாளில் 53 நொடியில் முடிந்திருக்கிறது. 800ஆல் வகுக்கும் முறை அதற்கு 12 நொடி என்று சொல்லும். 30 நிமிடம் கூட்டும் முறை அரை மணி நேரமும் 12 நொடியும் என்று சொல்லும். அந்தத் தீவில் பள்ளிக்குப் போகிற ஆசிரியருக்கும் மருத்துவரிடம் போகிற பாட்டிக்கும் இந்த இரண்டு எண்ணாலும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

படத்துத் தூரமா, நடைத் தூரமா

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் என் மனசு ஆறவில்லை. விமானம் 23 நிமிடத்துக்குப் பதில் 51 நிமிடம் எடுத்தது என்றால் வித்தியாசம் 28 நிமிடம்தான். நான் வீட்டுக் கதவைப் பூட்டியது 4.50க்கு, அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது 11.20க்கு. ஆறரை மணி நேரம். மீதி எங்கே போனது?

இதைத் தீர்த்துவைத்தது அப்பாதான். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். கட்டிலில் சாய்ந்து உட்கார வைத்திருந்தோம். அவர் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். வயல், காடு, மேடு என்று முப்பது வருஷத்துக்கு மேல் நிலம் அளந்தவர். நான் ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்த கணக்கையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல்தான் அவ்வளவு விவரம் சொன்னேன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நீ அன்னைக்கு எங்கிட்ட சொன்னது படத்துத் தூரமா, நடைத் தூரமா?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். வேலையில் சேர்ந்த புதிதில் இரும்புச் சங்கிலியால்தான் அளப்பார்களாம். 66 அடி நீளம், 100 கண்ணிகள், அப்படி 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். சரிவான நிலத்தில் சங்கிலியைத் தரையோடு படுக்கவிடக் கூடாது. மட்டமாகத் தூக்கிப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையில் காட்டும் புள்ளியிலிருந்து மறுபடி மட்டமாகப் பிடித்து, படிக்கட்டு மாதிரி இறங்கி இறங்கி அளக்க வேண்டும். ஏனென்றால் படத்தில் ஏறுவது மட்டத் தூரம்தான். பத்திரத்தில் எழுதும் பரப்பளவும் அதுதான். "ஆனா அந்தச் சரிவுல ஏர் ஓட்டுறவனுக்கு, தண்ணி சுமக்கிறவங்களுக்கு, படத்துல இருக்கிற தூரம் எதுக்கு உதவும்? வழி எப்படிப் போவுதுன்னு அவங்க என்னைக் கேப்பாங்க. படத்தைப் பாத்து நான் ஒருநாளும் பதில் சொன்னதில்ல. நடந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன். ரெண்டுமே சரியான அளவுதான். யார் கேக்கறாங்கன்னு பாத்துச் சொல்லணும்." குரலில் கோபமோ குத்தலோ இல்லை. தன் தொழிலைப் பற்றிப் பேசும்போது அவருக்கு எப்போதும் வரும் நிதானம்தான் இருந்தது. நான்தான் அவர் காலடியில் போர்வையைச் சரி செய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அந்த ஆறரை மணி நேரத்தை முதல்முறையாக ஒழுங்காக எழுதிப் பார்த்தேன். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு 50 நிமிடம். அங்கே பெட்டி, சோதனை, காத்திருப்பு. 7.20க்குக் கிளம்ப வேண்டிய விமானம் கிளம்பவில்லை. போய் இறங்க வேண்டிய இடத்தில் மூடுபனி. பெரிய நிலையங்களில் ரேடியோக் கற்றையைப் பிடித்துக்கொண்டு இறங்க உதவும் ஐஎல்எஸ் என்ற கருவி இருக்கும். அதன் முதல் நிலையிலேயே 550 மீட்டர் வரை பாதை தெரிந்தால் போதும், இறங்கலாம். அப்பாவின் ஊர் நிலையத்தில் அது இல்லை. அது இல்லாத இடத்தில் இன்னும் வெகுதூரம் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். அதனால் இந்தப் பக்கம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்க, 310 கிலோமீட்டர் தள்ளியிருந்த பனி கலைவதற்காக நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அது சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இறங்கிய பிறகும் உடனே வெளியே வர முடியவில்லை. ஓடுபாதைக்கு இணையான தனிப்பாதை அங்கே கிடையாது. இறங்கிய விமானம் அதே ஓடுபாதையில் திரும்பி ஊர்ந்து வர வேண்டும். அப்புறம் பெட்டி. அப்புறம் ஊருக்குள் போக ஒரு மணி நேரம், ஏனென்றால் ஊரின் பெயரை வைத்திருக்கும் விமான நிலையம் ஊரிலிருந்து நெடுந்தூரம் தள்ளி இருக்கிறது. இதுதான் நடைத் தூரம்.

இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வது நேபாளத்தின் லுக்லாவை. எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் இறங்கும் மலைமேட்டு நிலையம். ஓடுபாதை வெறும் 527 மீட்டர், அதுவும் மேல்நோக்கிச் சரிந்தது. நண்பகலுக்கு மேல் காற்றும் மேகமும் வந்துவிடும் என்பதால் பெரும்பாலும் காலையில்தான் விமானம். காத்மாண்டுவிலிருந்து அரை மணி நேரம் சொச்சம் பறக்க வேண்டும். பயணிகள் குவியும் மாதங்களில் காத்மாண்டு நெரிசலைக் குறைக்க, விமானங்களை ராமேச்சாப்பில் உள்ள மந்தலி நிலையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து லுக்லா சுமார் 20 நிமிடம்தான். பறக்கும் நேரம் குறைந்துவிட்டது! ஆனால் மந்தலிக்குப் போக, காத்மாண்டுவிலிருந்து நடுராத்திரியில் கிளம்பி 4, 5 மணி நேரம் மலைப்பாதையில் காரில் போக வேண்டும். எந்தத் தளத்தில் போட்டுப் பார்த்தாலும் மந்தலி லுக்லாவுக்குப் பக்கம். படத்துத் தூரத்துக்கும் நடைத் தூரத்துக்கும் இவ்வளவு வெளிப்படையான சாட்சி வேறு இல்லை.

சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம்

விமானத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவர்கள் கணக்கு வைப்பது பிளாக் டைம். நிற்கும் விமானம் உருளாமலிருக்கச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமான நேரத்துக்குத் தரும் விளக்கமும் இதேதான்: புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்த நொடியிலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக நிற்கும் நொடி வரை. விமானி தன் குறிப்பேட்டில் எழுதும் மணிக்கணக்கும் அந்த அளவில்தான். தரையில் ஊர்ந்த நேரத்தை அவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆக, பறக்கும் நேரம் 23 நிமிடம் என்று சொல்வது பயணி பார்வையிலும் தப்பு, விமானி பார்வையிலும் தப்பு.

டிக்கெட்டில் போட்டிருந்த 1 மணி 15 நிமிடத்தைப் பார்த்து நான் முன்பெல்லாம் எரிச்சல்பட்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிப் போட்டு, அப்புறம் "சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று. அந்த ஆசையும் அதில் இருக்கத்தான் செய்யும். அமெரிக்காவின் போக்குவரத்துத் துறைக் கணக்கில் 15 நிமிடத்துக்குள் தாமதமானால் அது தாமதமே இல்லை, அட்டவணையைக் கொஞ்சம் நீட்டி எழுதினால் பெயர் கெடாது. ஆனாலும் இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. என் கைக்கு வந்த மூன்று எண்களில் ஒரு மனிதர் நம்பிக் கிளம்பக்கூடியது அது ஒன்றுதான். அந்த வழியில் எந்த விமானம் போகிறது, காற்று எப்படி இருக்கும், ஓடுபாதையில் எவ்வளவு ஊர வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட எண் அது. மற்ற இரண்டும் யாரும் போய்ப் பார்க்காமல் போட்டவை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் வழியில் ஒரு நாளைக்கு ஒரே விமானம். அப்பா விழுந்தது ராத்திரி என்பதால் மறுநாள் காலை விமானம் கிடைத்தது. காலை 8 மணிக்கு விழுந்திருந்தால் அடுத்த விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி பஸ். அப்போது தூரம் என்ன? பெரிய நகரங்களுக்கு நடுவே அரை மணிக்கு ஒரு விமானம் இருக்கும், அங்கே பறக்கும் நேரத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. சின்ன ஊர்களுக்கு நடுவே எத்தனை விமானம் என்பதுதான் தூரம். சில ஜோடி ஊர்களுக்கு நேர் விமானமே கிடையாது. ஒரு பெரிய நகரத்துக்குப் போய், அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, வந்த திசையிலேயே பாதி திரும்பிப் பறக்க வேண்டும். அந்த ஊர்களுக்கும் தளங்களில் நேர்கோடும் நிமிடமும் இருக்கின்றன. இந்த எண்களை வெளியிடுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தூரத்தைச் சொல்லுங்கள், நன்றாகவே சொல்கிறீர்கள். நேரத்தை, நிஜமாக விமானம் போகும் வழிக்கு மட்டும், நிஜமாகப் போன விமானங்களின் கட்டை நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். விமானம் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

அதற்கப்புறம் பல தடவை போய்வந்துவிட்டேன். கிளம்பும்போது அப்பாவிடம் நிமிடம் சொல்வதை விட்டுவிட்டேன். "பகல் பன்னெண்டுக்குள்ள வீட்ல இருப்பேன்ப்பா" என்பேன். அவரும் கேட்டுக்கொள்வார். இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறார்.

போன மாதம் போயிருந்தபோது மேசை மேல் அவருடைய பழைய ஃபீல்டு புக் கிடந்தது. அலமாரியிலிருந்து அம்மாவை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். சர்வே குறிப்பை மற்ற நோட்டு மாதிரி மேலிருந்து எழுத மாட்டார்கள். பக்கத்தின் நடுவே சங்கிலிக் கோடு, கீழே தொடங்கி மேலே எழுதிக்கொண்டே போவார்கள், முன்னால் நடந்துபோகிற மாதிரி. வலப்பக்கம் இருக்கும் மரம் கோட்டுக்கு வலப்பக்கம், இடப்பக்கம் இருக்கும் கிணறு இடப்பக்கம். பின்பக்கத்துக் காலித் தாள்களில் என் பயணங்களை அந்த முறையில் எழுதி வைத்திருந்தார். ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம். கீழ் ஓரத்தில் என் வீட்டுக் கதவு. அதற்கு மேல் விமான நிலையம், ஓடுபாதை, மறுபடி ஓடுபாதை, பஸ் நிறுத்தம். உச்சியில் ஒரு சின்னச் சதுரம் போட்டு "கட்டில்" என்று எழுதியிருந்தார். நான் வழியில் போன் செய்யும்போது சொன்ன நேரங்களெல்லாம் அந்தந்த இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் இருந்தன. 310 என்ற எண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

போன மாதம் நான் வந்த பயணத்தின் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தார். "இந்தப் பக்கம் இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை வச்சது எத்தனை மணிக்கும்மா?" என்றார்.

"8.31ப்பா" என்றேன். எழுதிக்கொண்டார்.